மூடியைத் திறந்து பார்த்தவள்

“மூடியில கை வைக்காதடி!”

ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே பெரியவள் கத்தினாள். மேம்பாலம் இறங்குகிற இடத்தில், சாலையோரமாக, பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது தங்கையின் கார். உள்ளேயிருந்து ஆவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போன சின்னவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“தண்ணி ஊத்தலாம்னு பாத்தேன்க்கா.” அவள் கையில் பாதி காலியான குடிதண்ணீர் பாட்டில் இருந்தது.

“இப்பத் திறந்தா மூஞ்சியில அடிக்கும். கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்தினா விரிசல் விட்ரும். தள்ளு. அம்மா எங்க?”

அம்மா பின்சீட்டில் இருந்தாள். இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருந்தார்கள். முன்சீட்டின் முதுகை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, படியேறி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டில் நிறமே இல்லை. அதைப் பார்த்ததும் பெரியவளுக்குக் கார் மறந்துபோயிற்று.

“எப்பலேர்ந்து இப்படி?”

“காலையில எழுந்ததும் நெஞ்சை அடைக்குதுன்னாங்க. அவர் வேலைக்குக் கிளம்பிட்டாரு. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு... பாலம் ஏறும்போதே சூட்டு முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சுக்கா. இறங்கறதுக்குள்ள நின்னுடுச்சு.”

“ஆம்புலன்ஸுக்குச் சொன்னியா?”

சின்னவள் முழித்தாள். “அம்மாதான் பெரியவளைக் கூப்பிடுன்னாங்க. அவ வந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவான்னு. அதான் முதல்ல உனக்கு...”

பெரியவள் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடமாவது ஆகும் என்றார்கள். சாலை நடுவில் போய்க் கையை நீட்டினாள். இரண்டு கார்கள் ஒதுங்கிப் போயின. ஒரு லாரிக்காரர் நிறுத்தி இறங்கி வந்தார். ஆனால் அத்தனை உயரத்தில் அம்மாவை எப்படி ஏற்றுவது? அவரும் அவர்களோடு நின்று வேறு வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷமாகக் கற்ற தொழில். கொதித்து நின்ற வண்டியின் முன்னால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அது அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. காத்திருப்பது. கையோடு கொண்டுவந்த இரண்டு கேன் தண்ணீரும் ஸ்கூட்டரின் காலடியில் அப்படியே இருந்தன. அவள் பின்சீட்டில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள். “வந்துட்டியா,” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “இனிமே கவலையில்ல.” பிறகு வெளியே நின்ற சின்னவளைப் பார்த்து, “நான் சொன்னேன்ல. அவளைக் கூப்பிடுன்னு.”

பெரியவளின் கை முதுகில் அப்படியே நின்றுவிட்டது. இதே வார்த்தையை, அட்சரம் பிசகாமல் இதே வார்த்தையை, அம்மா வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். ஆறு வாரமாக அதற்காகவே காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவே இருந்தது அவளுடைய பட்டறை. கணவனும் அவளுமாக ஆரம்பித்தது. அவர் போய் எட்டு வருஷமாகியும் அவள் ஒருநாள்கூடப் பூட்டி வைத்ததில்லை. டிரைவர்களுக்கு அவள் ‘ரேடியேட்டர் அக்கா’. ஓட்டை அடைக்கவும், அடைப்பு எடுக்கவும், துருப் பிடித்த வண்டிகளுக்கு ஆசிட் மருந்து ஊற்றி அலசவும் அவளைத் தேடித்தான் வருவார்கள். வந்தவர்கள் சும்மா திரும்ப முடியாது. ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

“இரும்பு, தண்ணி, காத்து. மூணும் ஒண்ணு சேந்தா துருதான். உங்க இன்ஜினுக்குள்ள மூணும் இருக்கு. கூலன்ட்டுன்னா ஏதோ பச்சைக் கலர் தண்ணின்னு நெனைக்காதீங்க. அதுல இருக்கிற மருந்து இரும்பு மேல தோல் மாதிரி படிஞ்சு காப்பாத்தும். ரெண்டு மூணு வருஷத்துல அந்த மருந்து செத்துப்போயிடும், மாத்திடணும். குழாய்த் தண்ணிய மட்டும் ஊத்தி ஓட்டினீங்கன்னா உப்பும் துருவும் சேந்து சேறாகி, நரம்பு மாதிரி இருக்கிற குழாயெல்லாம் அடைச்சிக்கும். அப்புறம் நடுரோட்டுல என் பேரைச் சொல்லி அழுவீங்க.”

சிக்னலில் பக்கத்தில் நிற்கிற வண்டியின் அடியில் சிவப்பாகச் சொட்டினால்கூட, கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவாள். எதிர் டீக்கடைக்காரர், “ரேடியேட்டரக்கா, என் பாய்லருக்கும் கூலன்ட் ஊத்திடவா?” என்று தினம் ஒருதடவை கேட்டுச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வண்டியின் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவள் பிறந்தபோது பெரியவளுக்கு ஆறு வயது. அன்றைக்கு இடம் மாறியது இடம் மாறியதுதான். அம்மாவின் வலது பக்கம் படுத்திருந்தவள் சுவரோரம் தள்ளிப் படுத்தாள். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எந்த வீட்டிலும் நடப்பதுதான். சின்னவளும் ஒன்றும் கெட்டவள் இல்லை. எதைக் கொடுத்தாலும் பெரிய பாதியை அக்காவுக்கு நீட்டுகிறவள். பெரியவளின் கணவர் படுக்கையில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து மாதக்கணக்கில் கூட இருந்தவள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நல்லவள் மேல் பொறாமைப்படுகிறவள் யாரிடம் போய் அதைச் சொல்லுவாள்?

அம்மா சின்னவளோடுதான் இருந்தாள். சின்னவளுக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அவளும் அவள் கணவனும் பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். யாரோ நண்பர் பார்த்துச் சொன்ன வண்டி. வாங்குவதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உனக்கு எதுக்குக்கா தொந்தரவு, ஏற்கெனவே தலைக்கு மேல வேலை,” என்றாள் சின்னவள். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். ஊரில் உள்ள வண்டியெல்லாம் என்னிடம் வருகிறது, கூடப் பிறந்தவள் வண்டி மட்டும் வராது என்று பெரியவள் அதை எடுத்துக்கொண்டாள்.

கார் வந்த பிறகு அம்மா ஆளே மாறிப்போனாள். கண் டாக்டரிடம் காரில், கடைக்குக் காரில், ஏரிக்கரையில் காற்று வாங்கக் காரில். முன்சீட்டில்தான் உட்காருவாள். “நான் இப்ப கார்ல போயிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்,” என்று போனில் சொல்லும்போது குரலில் ஒரு தோரணை இருக்கும். பெரியவளின் ஸ்கூட்டரில் அவள் ஏறியது ஒரே தடவை. தெருமுனை திரும்புவதற்குள், “இடுப்பு போயிடுச்சுடி, இறக்கி விட்டுடு,” என்று இறங்கி நடந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு வாரத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். போனதும், “கையக் கழுவிட்டு வா, ஆசிட் நாத்தம் அடிக்குது,” என்றாள் அம்மா. அதுகூடப் போகட்டும். தங்கையின் காரைக் கடக்கும்போது உள்ளே கண் போனது. அம்மாவுக்கென்று கடைகடையாக ஏறி இறங்கி அவள் வாங்கிக் கொடுத்திருந்த சால்வை, முன்சீட்டில் விரிப்பாகக் கிடந்தது. ஒரு பக்கம் அழுக்கேறி, மடிந்து. அம்மாவுக்கு முதுகு உறுத்தாமல் இருக்கட்டும் என்று விரித்திருப்பார்கள். அது அவளுக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

கிளம்பும்போது சின்னவள் பானெட்டைத் திறந்து கண்ணாடி துடைக்கிற டப்பாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது, ஓடினாள். இன்ஜின் குளிர்ந்து கிடந்தது. தொழில்காரியின் கை சும்மா இருக்குமா? மூடியைத் திருகினாள்.

பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரித் தண்ணீர். மூடியின் ரப்பரில் சேறு படிந்திருந்தது. விரலை விட்டாள். வழவழவென்று, ஈரக் களிமண்ணாக ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக ஒரு சொட்டு கூலன்ட் பார்க்காத வண்டி. குழாயில் பிடித்துப் பிடித்து ஊற்றியிருக்கிறாள். இன்னும் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். மேட்டில் ஏறும்போதோ வெயிலில் நெரிசலில் நிற்கும்போதோ படுத்துவிடும். பெரியவளுக்கு அது ஜாதகம் பார்த்த மாதிரித் தெரிந்தது.

பக்கத்தில் கிடந்த துணியில் விரலைத் துடைத்தாள். மூடியை இறுக்கினாள்.

“என்னக்கா பாக்கிற?” சின்னவள் திரும்பி வந்தாள்.

“ஒண்ணுமில்ல. பானெட்டை மூடு, பூனை ஏறிப் படுத்துக்கப் போகுது.”

சின்னவள் சிரித்துக்கொண்டே மூடினாள். அவ்வளவுதான் நடந்தது. பெரியவள் ஸ்கூட்டரை எடுத்தாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பெரிய சாலைக்கு வந்ததும் வேறு ஒரு படம் மனதில் ஓட ஆரம்பித்தது. கார் எங்கேயோ நடுவழியில் நிற்கிறது. முன்சீட்டில் அம்மா. சின்னவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா சொல்கிறாள்: பெரியவளைக் கூப்பிடு. இவள் போகிறாள், பத்து நிமிடத்தில் கிளப்பிக் கொடுக்கிறாள். ஆசிட் நாற்றம் அடிக்கிற கையை அம்மா பிடித்துக்கொள்கிறாள். அந்தப் படத்தில் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. மாலை நேரம், நல்ல காற்று, ஏரிக்கரைக்குப் போகிற வழி.

ஆம்புலன்ஸ் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சர் போனபோது அம்மாவின் கண் திறந்துதான் இருந்தது. பதினொன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். சின்னவள்தான் கேட்டாள், “அரைமணி நேரம் முன்னாடி வந்திருந்தா, டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியெல்லாம் கணக்குப் போட்டுப் பாக்காதீங்கம்மா,” என்றார்.

மறுநாள் காலை சின்னவள் வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தெருவில் நாற்காலிகள் போட்டாயிற்று. வந்தவர்கள் மாலையை வைத்துவிட்டு, முதலில் திரும்பியது சின்னவள் பக்கம்தான். அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் கொன்னுட்டேன். வண்டிக்குத் தண்ணி பாக்காம விட்டுட்டேன். என் வண்டிதான் எங்கம்மாவைக் கொன்னுடுச்சு.”

“அப்படிச் சொல்லாதம்மா,” என்றார் தாய்மாமன். வயதானவர், தரையில் உட்கார முடியாதவர், சிரமப்பட்டு உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “உன்ன மாதிரி அவளை யாரு பாத்துக்கிட்டாங்க? ராணி மாதிரி வச்சிருந்தியே. முன்சீட்டுல உக்கார வச்சு ஊரெல்லாம் காட்டினியே.”

பெரியவள் சமையலறை வாசலில் டீ தட்டோடு நின்றிருந்தாள். மார்புக்குள் பழைய கை ஒன்று வந்து பிடித்தது. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவரோரம் தள்ளிப் படுத்த அன்றிலிருந்து தெரியும். இன்றைக்குமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது விடவில்லை. ஆறு வாரத்துக்கு முன் மூடியைத் திறந்து பார்த்தது யார்? விரலைத் துடைத்துக்கொண்டு பேசாமல் போனது யார்? அந்தப் பாவம் முழுக்க முழுக்க என்னுடையது. அதையும் இவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு, அதற்கும் ஆறுதல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கூட்டம் மொத்தமும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

“நான்தான்” என்று கூடத்தின் நடுவில் போய்ச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்தாள். எதற்காகச் சொல்லப் போகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது வந்த பதில் பிடிக்கவில்லை. தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும் என்பதற்காகத்தான். கால் நின்றுவிட்டது.

“பெரியவ பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கல்லு மாதிரி நிக்கறா,” என்றாள் சித்தி ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். பெரியவள் அவளுக்கும் ஒரு டீ கொடுத்தாள்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில் சின்னவள் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே விரல்களைக் கோத்து, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பாளே, அந்த மாதிரி. வண்டி திரும்பி மறையும் வரைக்கும் விடவில்லை. பெரியவளுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அப்படியே இருந்துவிட்டால் தேவலை போலவும் இருந்தது.

ஐந்தாம் நாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள். கூடவே சின்னவளும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

“வித்துடலாம்னு அவர் சொல்றாரு. எனக்கு மனசு வரலக்கா. முதல்ல நீ பாரு. நீ பாத்தா போதும்.”

பெரியவள் வேலையை ஆரம்பித்தாள். அடியில் பெரிய தொட்டியை வைத்து தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினாள். கொழகொழவென்று சேறு விழுந்தது, அதன் பின்னால் தண்ணீர் சிவப்பாகக் கொட்டியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாள். துரு ஏறி இறுகிப்போய், திறக்காமல் கிடந்தது. சின்னவள் எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் செய்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பட்டறைக்கு வந்து நின்று இதையெல்லாம் கேட்டதில்லை.

“இதுதான் திறக்கலையா?”

“ம். இன்ஜின் சூடானதும் இது திறந்து தண்ணிய விடணும். திறக்கல. உள்ளயே சுத்திச் சுத்திக் கொதிச்சிருக்கு.”

அடைப்பு எடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டார்கள். அரைமணி நேரம் ஓடியது. பிறகு ஆறட்டும் என்று உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்றைக்குக் கேலி எதுவும் பேசாமல் போனார். ஆறியதும் திறந்துவிட்டார்கள். காப்பி நிறத்தில் வந்தது. பெரியவள் ஹோஸை மாட்டி, கீழிருந்து மேலாகத் தண்ணீரை எதிர்த்துப் பாய்ச்சினாள். “பிடிச்சுக்கோ, நழுவாம,” என்று தங்கை கையில் கொடுத்தாள்.

ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள் பேச ஆரம்பித்தாள்.

“ஒண்ணு கேக்கணும்க்கா. ரெண்டு வாரம் முன்னாடி ஒருநாள் முள்ளு ஏறிச்சு. அவர் உடனே வொர்க்ஷாப்ல விட்டுடலாம்னு சாவியை எடுத்துட்டாரு. அம்மா விடல.”

“ஏன்?”

“பெரியவ அன்னிக்கே பாத்துட்டான்னாங்க. நீ வந்தியே அந்த ஞாயித்துக்கிழமை, நீ மூடியைத் திறந்ததை அவங்க ஜன்னல்லேர்ந்து பாத்தாங்களாம். விரலை விட்டுப் பாத்தா, துணியில துடைச்சுக்கிட்டா. ஏதாவது இருந்தா சொல்லாமப் போவாளா? அவ கண்ணுக்கு ஒண்ணு தப்புமா? ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் சொல்றவ, நம்ம வண்டிக்குச் சொல்ல மாட்டாளா? இப்படியே சொல்லி அவர் வாயை அடைச்சுட்டாங்க.” சின்னவள் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கண்டவன் கையில கொடுக்காதீங்க, ஏதாவதுன்னா அவளே வந்து பாப்பான்னாங்க. நான் அதை அப்படியே நம்பிட்டேன். வயசானவங்க, எதையோ பாத்துட்டு எதையோ சொல்லியிருப்பாங்க. நீ அன்னிக்கு நிஜமா திறந்து பாத்தியாக்கா?”

இல்லை என்று சொல்ல எவ்வளவு எளிதாக இடம் விட்டிருந்தாள்! சும்மா மூடியை இறுக்கினேன், அம்மாவுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கும். அவ்வளவு சொன்னால் போதும். சின்னவள் நம்பிவிடுவாள். அவள் எப்போதும் நம்புகிறவள்.

பெரியவள் ஸ்பேனரை எடுத்தாள், கீழே வைத்தாள். ஜன்னலில் நின்று அம்மா தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்னவளை அல்ல, அவள் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். தன்னை மட்டும். விரலைத் துடைத்தது வரைக்கும்.

“பாத்தேன்,” என்றாள்.

ஹோஸிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்ப தண்ணி நல்லா இருந்துச்சா?”

“இல்ல.”

“எப்படி இருந்துச்சு?”

“செங்கல் கரைச்ச மாதிரி.”

சின்னவள் தொட்டியைப் பார்த்தாள். “இதே மாதிரியா?”

“இதைவிடக் கொஞ்சம் கம்மி.”

டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஏன் என்று கேட்பாள் என்று பெரியவள் நினைத்தாள். கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடினாள். சால்வையிலிருந்தா, சுவரோரம் படுத்த நாளிலிருந்தா? சின்னவள் கேட்கவில்லை. குனிந்து, தண்ணீர் தெறிக்காதபடி ஹோஸின் முனையைத் தொட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஈரமான கையைத் துடைக்க எதையோ தேடினாள். பெரியவள் பட்டறைத் துணியை நீட்டினாள். சின்னவள் அதை வாங்கவில்லை. தன் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள்.

“வண்டி எப்பத் தயாராகும்?”

“சாயங்காலம். இன்னும் ரெண்டு தடவை அலசணும். அப்புறம் காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊத்தணும்.”

“அவரை அனுப்பறேன்.”

“சரி.”

அவள் சாலையைக் கடந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துத் தனியாகக் கடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

பெரியவள் மறுபடி மருந்து கலந்து ஊற்றினாள், ஓடவிட்டாள், ஆறவிட்டாள், திறந்துவிட்டாள். இளஞ்சிவப்பாக வந்தது. அடுத்த தடவை வெறும் தண்ணீர். மதியம் சாப்பிடப் போகவில்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்கு மணிக்குத் திருகைத் திறந்தபோது தண்ணீர் துளிகூடக் கலங்கல் இல்லாமல் விழுந்தது. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் போட்டிருந்த பூ தெளிவாகத் தெரிந்தது.

கூலன்ட் டப்பா பக்கத்தில் மூடியோடு இருந்தது. அவள் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள், திருகை மூடினாள், இன்னொரு தடவை அலச ஹோஸை மறுபடியும் எடுத்து மாட்டிக் குழாயைத் திறந்தாள்.